பிள்ளைக்கு எதில் விருப்பம்? ஒரு தாள் சொல்வதும் சொல்லாததும்



மே மாதம் பிறந்துவிட்டால் நம் குழுக் கூட்டங்களில் கடன் கேட்கும் காரணம் மாறிவிடுகிறது. மற்ற மாதங்களில் ஆடு வாங்க, தறிக்கு மோட்டார் மாற்ற, வைத்தியச் செலவுக்கு என்று கேட்பவர்கள், ரிசல்ட் வந்ததும் பிள்ளை படிப்புக்கு என்று கேட்கிறார்கள். நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்தும் போடுகிறோம். ஆடு வாங்கக் கடன் கேட்டால் எந்த ஆடு, யாரிடம் வாங்கப் போகிறாய், மேய்க்க ஆள் இருக்கா, இன்சூரன்ஸ் போட்டாச்சா என்று பத்துக் கேள்வி கேட்கிறோம். படிப்புக் கடன் என்றால் ஒரே கேள்விதான். "என்ன படிக்க வைக்கப் போற?" பதிலும் ஒன்றுதான். "பக்கத்து வீட்டுப் புள்ள படிக்குதே, அதையேதான்." மேச்சேரி ஆட்டுக்குக் கொடுக்கிற யோசனையில் பாதிகூட நம் பிள்ளைக்குக் கிடைப்பதில்லை.

இதற்காகத்தான் சில வருடங்களாக நம் உறுப்பினர்களின் பிள்ளைகளுக்குக் கோடை முகாம் நடத்துகிறோம். பத்தாவது, பன்னிரண்டாவது முடித்த பிள்ளைகள் கொளத்தூர், மேச்சேரி, நங்கவள்ளிப் பக்கத்திலிருந்து வருகிறார்கள். அங்கே அவர்களுக்கு ஒரு தாள் கொடுக்கிறோம். அதைப் பார்த்துவிட்டு, "மறுபடியும் பரீட்சையா மேடம்?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். "எத்தனை மார்க் எடுத்திருக்கா?" என்று அம்மாக்கள் கேட்கிறீர்கள். இது பரீட்சையும் இல்லை, இதில் மார்க்கும் இல்லை. அப்படியானால் இது என்ன, இதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. நாங்களே இதில் ஒரு முறை தவறு செய்தோம். அதையும் கீழே சொல்கிறோம்.

இதன் பெயர் விருப்ப வினாத்தாள். அதில் சின்னச் சின்ன வேலைகள் வரிசையாக எழுதியிருக்கும். பழுதான ரேடியோவைப் பிரித்துப் பார்ப்பது, காய்ச்சலில் கிடப்பவருக்குத் துணையாக இருப்பது, கணக்கு நோட்டை அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுவது, கூட்டத்தில் எழுந்து பேசுவது, இப்படி ஐம்பது அறுபது இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே பிடிக்கும், பிடிக்காது, சொல்லத் தெரியவில்லை என்று மூன்று கட்டம். பிள்ளை டிக் செய்ய வேண்டியதுதான். சரியான விடை, தவறான விடை என்று எதுவும் கிடையாது. கடைசியில் ஒரே மாதிரியான வேலைகளைச் சேர்த்து எண்ணினால், பிள்ளையின் மனசு எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஓரளவு தெரியும்.

இப்படி எண்ணும்போது பல நாடுகளில் வேலைகளை ஆறு வகையாகப் பிரிக்கிறார்கள். ஜான் ஹாலண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1959ல் எழுதிய முறை இது. பெரிய படிப்பு மாதிரி தெரிந்தாலும் நம் குழுவை நினைத்துக்கொண்டால் சுலபமாகப் புரியும். குழுவில் ஒருத்தர் கையில் ஸ்பேனர் இருந்தால் போதும், மோட்டாரோ சைக்கிளோ பார்த்துவிடுவார். அது கருவி, உடல் உழைப்பு சார்ந்த விருப்பம். ஒருத்தர் எதற்கெடுத்தாலும் "ஏன் அப்படி?" என்று கேட்டுக் குடைவார். அது ஆராய்ச்சி விருப்பம். மூன்றாமவர் கோலம், பாட்டு, சேலைக் கரை டிசைன் என்று இருப்பார், அது கலை. யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதலில் போய் நிற்பவர் சேவை விருப்பம் உள்ளவர். பேங்க் மேனேஜரிடமே பேசிச் சமாளித்துக் கடனை வாங்கி வருபவர் நிர்வாகம், வியாபாரம் என்ற வகை. பதிவேட்டை மணி மணியாக எழுதி, ஐந்து ரூபாய் இடித்தாலும் ராத்திரி தூங்காமல் தேடுபவர் ஆறாவது வகை, ஒழுங்கும் கணக்கும் பிடித்தவர். ஒரு ஆள் ஒரே வகையாக இருக்க மாட்டார். இரண்டு மூன்று கலந்துதான் இருக்கும்.

இந்த எண்ணமே எங்கே பிறந்தது என்று பார்த்தால், ஏழைப் பிள்ளைகளுக்காகத்தான் பிறந்திருக்கிறது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் 1908ல் ஃபிராங்க் பார்சன்ஸ் என்பவர் ஒரு தொழில் வழிகாட்டி அலுவலகம் தொடங்கினார். அவரிடம் வந்தவர்களில் பலர் சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகள். எந்த வேலை கிடைத்ததோ அதில் போய் மாட்டிக்கொண்டு, பிறகு வேலை மாற்றி மாற்றி அலைந்தவர்கள். பார்சன்ஸ் சொன்னது மூன்றுதான். உன்னை நீ தெரிந்துகொள், வேலைகளைத் தெரிந்துகொள், பிறகு இரண்டையும் பொருத்திப் பார். அதே வருடம் அவர் இறந்துபோனார். அவருடைய புத்தகம் 1909ல்தான் வெளிவந்தது.

அதன் பிறகு 1927ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஸ்ட்ராங் என்பவர் முறையான ஒரு வினாத்தாளைக் கொண்டு வந்தார். அவர் செய்த வேலை கெட்டிக்காரத்தனமானது. ஒரு தொழிலில் இருப்பவர்களுக்கு என்னென்ன பிடிக்கிறது, மற்றவர்களிடமிருந்து எதில் வித்தியாசப்படுகிறார்கள் என்று முதலில் கேட்டுக் குறித்தார். பிறகு பிள்ளைகளின் விருப்பம் யாருடைய விருப்பத்தோடு அதிகம் ஒத்துப்போகிறது என்று பார்த்தார். ஆனால் நம்மைப் போன்றவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி ஒன்று இதில் இருக்கிறது. முதலில் வந்தது ஆண்களுக்கான தாள். 1933ல் பெண்களுக்கு என்று தனித்தாள் போட்டார்கள். ஆண்கள் தாள் நீல நிறம், பெண்கள் தாள் ரோஸ் நிறம். நிறம் மட்டுமா வேறு? ஆண்கள் தாளில் இருந்த பல வேலைகள் பெண்கள் தாளில் இல்லவே இல்லை. ஒரு பெண் எப்படி டிக் செய்தாலும், அந்த வேலைக்கு அவள் பொருத்தம் என்று வரவே வழியில்லை. கேட்காத கேள்விக்கு எங்கே பதில் வரும்? இரண்டு தாளையும் ஒன்றாக்க 1974 வரை ஆனது.

இன்று ரோஸ் தாள் இல்லை. ஆனால் அந்த ரோஸ் தாள் நம் வீட்டுப் பெண் பிள்ளைகள் மனசுக்குள் இருக்கிறது. இதை நாங்கள் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சூடுபட்டுத் தெரிந்துகொண்டோம்.

ஒரு முகாமில் நங்கவள்ளிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, பத்தாவது முடித்தவள், தாளை நிரப்பிக் கொடுத்தாள். இயந்திரம், மின்சாரம், ரிப்பேர் என்று வந்த எல்லாவற்றுக்கும் பிடிக்காது. தையல், குழந்தைகளுக்குச் சொல்லித் தருவது, சமையல், இவற்றுக்குப் பிடிக்கும். அன்றைக்கு அறுபது பிள்ளைகள். எங்களுக்கு அவசரம். கூட்டிப் பார்த்து, "தையல், ஆசிரியர் பயிற்சி பொருத்தமாக இருக்கும்" என்று எழ்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டோம். ஒரு வாரம் கழித்துக் குழுக் கூட்டத்தில் அவள் அம்மா சொன்னார், "தையல்னுதானே மேடம் வந்திருக்கு? வீட்டிலேயே ஒரு மெஷின் வாங்கிப் போட்டுட்டா போதும். மேல படிக்க வெச்சு என்ன ஆகப் போகுது?" எங்கள் கையெழுத்தையே காட்டி ஒரு பிள்ளையின் படிப்பு நிற்கப் போகிறது! எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மறுநாள் வீட்டுக்குப் போனோம். நாலு விசைத்தறி ஓடுகிற வீடு. அப்பா பாவு எடுக்க வெளியூர் போயிருந்தார். இந்தப் பெண் ஒரு தறியை நிறுத்திவிட்டு, கை முழுக்கக் கிரீஸோடு எழுந்து வந்தாள்.

"என்ன கண்ணு செஞ்சுட்டு இருக்க?"

"பெல்ட் நழுவிடுச்சுங்க மேடம். மாட்டிட்டு இருக்கேன்."

"அப்பா இல்லாதப்ப தறி நின்னா யாரு பாக்கறது?"

"நான்தானுங்க. நாடா சிக்கிட்டா எடுத்து விடுவேன். பியூஸ் போனா மெயினை ஆஃப் பண்ணிட்டு வயரு மாத்துவேன். சத்தத்த வெச்சே எந்தத் தறி மக்கர் பண்ணுதுன்னு சொல்லிடுவேனுங்க."

"அப்புறம் ஏன் கண்ணு ரிப்பேர் வேலைன்னா பிடிக்காதுன்னு போட்ட?"

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அது ஆம்பளைங்க வேலைதானுங்களே மேடம். பிடிக்கும்னு போட்டா சிரிப்பாங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

அவள் பொய் சொல்லவில்லை. தாளும் பொய் சொல்லவில்லை. பிடிக்குமா என்று கேட்டால் நம் பிள்ளைகள் மனசைக் கேட்டுப் பதில் சொல்வதில்லை, ஊரைக் கேட்டுப் பதில் சொல்கிறார்கள். பெங்களூரில் பிராமிஸ் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பில் கிடியன் அருள்மணி என்பவர் நீண்ட காலமாக இந்தியப் பிள்ளைகளுக்கான தொழில் வழிகாட்டுதலில் வேலை செய்தவர். வெளிநாட்டு முறையை அப்படியே இங்கே கொண்டுவந்து வைத்தால் பொருந்தாது, குடும்பமும் ஊரும் சேர்ந்துதான் இங்கே படிப்பை முடிவு செய்கின்றன என்பது அவர் வாதம். "நம்மை மாதிரி வீட்டுக்கு இதெல்லாம் சரிப்படாது", "நாலு வருஷம் படிக்கிறதுக்குப் பதிலா நாலு காசு சம்பாதிக்கலாம்" என்கிற எண்ணங்கள் பிள்ளைக்குள் எப்படி ஊறியிருக்கின்றன என்று பார்க்காமல் விருப்பத்தை மட்டும் அளப்பதில் பயன் குறைவு என்கிறார். அன்று அந்தத் தறிக்கூடத்தில் நின்றபோது அதன் அர்த்தம் எங்களுக்கு முழுசாகப் புரிந்தது.

அதற்குப் பிறகு முகாம் நடத்தும் விதத்தை மாற்றிக்கொண்டோம். முதல் மாற்றம், கேள்வியை மாற்றியது. "இயந்திரம் பழுது பார்க்கப் பிடிக்குமா?" என்பதை எடுத்துவிட்டு, "வீட்டில் எது கெட்டுப்போனாலும் முதலில் நீ போய்ப் பார்ப்பாயா?" என்று போட்டோம். "ஆய்வகத்தில் சோதனை செய்யப் பிடிக்குமா?" என்றால் எந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும்? "மரவள்ளிச் செடியில் இலை சுருண்டால் ஏன் என்று பிடுங்கிப் பார்த்திருக்கிறாயா?" என்றால் தெரியும். இரண்டாவது, மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது. இது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. ஃபிரெடெரிக் கூடர் என்பவர் போட்ட தாளில் மூன்று மூன்று வேலையாக எழுதி, மிகவும் பிடித்தது எது, கொஞ்சமும் பிடிக்காதது எது என்று குண்டூசியால் குத்திக் காட்டச் சொன்னார். எல்லாவற்றுக்கும் "பிடிக்கும்" என்று போட்டுத் தள்ளுகிற பிள்ளைகளிடம் இது நன்றாக வேலை செய்கிறது. எழுதப் படிக்கத் தடுமாறும் பிள்ளையிடம் வாயாலேயே கேட்கலாம்.

மூன்றாவது மாற்றம்தான் பெரியது. தாளைக் கூட்டிய பிறகு ஒவ்வொரு பிள்ளையோடும் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுகிறோம். அறுபது பேரை ஒரே நாளில் கூப்பிடுவதை விட்டுவிட்டோம், இப்போது பதினைந்து பேர்தான். பிடிக்கும் என்று போட்ட இடத்தில் "எப்போது செய்து பார்த்தாய்?" என்று கேட்கிறோம். பிடிக்காது என்று போட்ட இடத்திலும் அதே கேள்விதான். செய்தே பார்க்காத வேலையைப் பிடிக்காது என்று எப்படிச் சொல்வது? டி.வி. சீரியலில் நர்ஸைப் பார்த்து ஆசைப்பட்ட பெண்ணும் உண்டு, ரத்தத்தைப் பார்த்தால் மயங்கி விழும் அதே பெண். ஆசை வேறு, அன்றாட வேலை வேறு என்பது பேச்சில்தான் வெளியே வருகிறது.

சில பிள்ளைகள் தாளில் எதுவுமே பிடிக்கவில்லை என்று போடுவார்கள். "உதவாக்கரை, எதுலயும் நாட்டமில்ல" என்று அம்மாக்கள் அங்கேயே திட்ட ஆரம்பிக்கிறீர்கள். திட்டாதீர்கள் அக்கா. அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம், வீடு, தறி தவிர எதையும் பார்த்ததில்லை என்றுதான் அதற்குப் பெரும்பாலும் அர்த்தம். காட்டினால் சரியாகும். மேட்டூரிலேயே அணை இருக்கிறது, அனல் மின் நிலையம் இருக்கிறது, மீன் குஞ்சுப் பண்ணை இருக்கிறது, அரசு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடம் இருக்கிறது. அங்கெல்லாம் வேலை செய்பவர்களில் நமக்குத் தெரிந்தவர் ஒருவராவது இருப்பார். ஒருநாள் பிள்ளையைக் கூட்டிப் போய், "நீங்க என்ன படிச்சீங்க, காலையில வந்ததும் என்ன செய்வீங்க?" என்று கேட்க வையுங்கள். அந்த ஒருநாள் பத்துத் தாளுக்குச் சமம்.

விருப்பம் வேறு, திறமை வேறு என்பதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். பாட்டு பிடித்த எல்லாருக்கும் குரல் வராது. திறமையை அளக்க வேறு வகைத் தேர்வு உண்டு. சி.பி.எஸ்.இ.யும் என்.சி.இ.ஆர்.டி.யும் சேர்ந்து 2019ல் 9, 10ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் 'தமன்னா' என்று ஒன்றைக் கொண்டு வந்தன (நடிகை இல்லை!). அது திறமை அறியும் தேர்வு. அதிலும் பாஸ், ஃபெயில் கிடையாது. விருப்பத்தை அறிவதில் மகாராஷ்டிராவில் 2016 முதல் சில ஆண்டுகள் பெரிய முயற்சி நடந்தது. அந்த மாநில வாரியத்தில் பத்தாவது படித்த லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு விருப்பத் தேர்வு வைத்து விவசாயம், வணிகம், கலை, நுண்கலை, மருத்துவம், தொழில்நுட்பம், சீருடைப் பணி என்று ஏழு துறைகளில் எதில் நாட்டம் என்று சொன்னார்கள். பத்தாவதிலேயே எல்லாருக்கும் கேட்டது நல்ல விஷயம்தான். ஆனால் லட்சம் பேருக்குத் தாள் கொடுக்கலாம், லட்சம் பேரோடு உட்கார்ந்து பேச ஆள் எங்கே என்பது எங்களுக்கு எழும் சந்தேகம்.

இன்னொன்று, பதினைந்து வயதில் சொன்ன விருப்பம் அப்படியே நிற்காது. இருபது வயதைத் தாண்டும்போதுதான் விருப்பம் நிலைகொள்ள ஆரம்பிக்கிறது. அதனால் பத்தாவதில் போட்ட தாளை பீரோவில் பத்திரமாக வைத்துக்கொண்டு, பன்னிரண்டாவது முடித்ததும் அதை எடுத்துக் காட்டிச் சண்டை போட வேண்டாம். புதுத்தாள் போட்டுப் பாருங்கள்.

இப்போது ஒரு எச்சரிக்கை. சில ஊர்களில் பிள்ளையின் பத்து விரல் ரேகையை மெஷினில் வைத்து எடுத்து, "டாக்டர் ஆவான், கலெக்டர் ஆவாள்" என்று வண்ணப் படம் போட்ட ரிப்போர்ட் தருகிறார்கள். அதற்கு ஆயிரக்கணக்கில் பணம் வாங்குகிறார்கள். விரல் ரேகைக்கும் படிப்புக்கும் சம்பந்தம் உண்டு என்பதற்கு அறிவியல் ஆதாரம் கிடையாது. கிளி ஜோசியம் இதைவிட எவ்வளவோ மலிவு. நம் கூட்டமைப்பில் இரண்டு குடும்பம் உள்கடன் வாங்கி இதற்குக் கட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்தபோது மிகவும் வேதனையாக இருந்தது. விரலைப் பார்க்கிறவர் பிள்ளையிடம் ஒரு கேள்வியும் கேட்பதில்லை என்பதைக் கவனியுங்கள்.

காசில்லாமல் ஆலோசனை கேட்க இடம் இருக்கிறது. சேலம் கோரிமேட்டில் இருக்கும் வேலைவாய்ப்பு அலுவலகத்தின் முழுப் பெயரே மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம். பதிவு செய்ய மட்டும்தான் அந்த அலுவலகம் என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். தமிழ்நாடு அரசு 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் கீழ் அரசுப் பள்ளிகளிலும் மேற்படிப்பு வழிகாட்டுதல் கொண்டுவரப்பட்டது. பள்ளியில் அதற்குப் பொறுப்பான ஆசிரியர் யார் என்று அம்மாக்கள் நேரில் போய்க் கேட்க வேண்டும். பெற்றோர் கூட்டம் என்றால் கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ் பிடிக்க ஓடிவருவது போதாது.

சரி, அந்தத் தறி வீட்டுப் பெண் என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். நாங்கள் கொடுத்த தாளைத் திரும்ப வாங்கிக் கிழித்துப்போட்டோம். அம்மா பாதி மனசாக இருந்தார். அப்பா, "பொட்டப்புள்ள கரண்டுக் கம்பத்துல ஏறுவாளா?" என்று கேட்டார். பதிலை வாயால் சொல்லாமல் மூன்று பேரையும் ஒரு ஐ.டி.ஐ.க்குக் கூட்டிப் போய் எலக்ட்ரீசியன் பிரிவைக் காட்டினோம். மோட்டார் காயில் கட்டுவது, பேனல் போர்டு இணைப்பது என்று மேசையில் உட்கார்ந்து செய்யும் வேலையும் நிறைய இருந்தது. அப்பா ஒரு மோட்டாரைப் பார்த்துவிட்டு, "இது நம்ம தறி மோட்டாரு மாதிரியே இருக்கே" என்றார். அதற்குப் பிறகு அவர் கம்பத்தைப் பற்றிப் பேசவில்லை. அந்தப் படிப்பு இரண்டு வருடம். முடித்தால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரவும் வழி இருக்கிறது. சேலத்தில் 1960ல் தொடங்கிய இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனத்தின் டிப்ளமோவைப் பற்றியும் சொன்னோம். நெசவுக் குடும்பத்துப் பிள்ளைகள் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. அவள் எலக்ட்ரீசியன்தான் என்று நின்றாள்.

குழுவில் பன்னிரண்டாயிரம் உள்கடன் கொடுத்தார்கள். இந்த முறை தீர்மானம் போடும் முன் உறுப்பினர்கள் எட்டுக் கேள்வி கேட்டார்கள் என்று ஊக்குநர் சிரித்துக்கொண்டே சொன்னார். 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில், அரசுப் பள்ளியில் படித்து மேலே போகும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் என்று வந்தபோது ஐ.டி.ஐ., டிப்ளமோ படிப்பும் அதில் சேர்க்கப்பட்டது. இந்த மாதிரி உதவிகளின் நிபந்தனை வருடா வருடம் மாறலாம், அதனால் சேரும் இடத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

மாற்றிய கேள்விகளோடு புதிய தாள் கூட்டமைப்பு அலுவலகத்தில் இருக்கிறது. ஒரு முகாமுக்குப் பதினைந்து பிள்ளைகள் என்பதால் பெயரை முன்கூட்டியே உங்கள் ஊக்குநரிடமோ பிரதிநிதியிடமோ கொடுத்துவிடுங்கள். ரிசல்ட் வந்த பிறகு வந்தால் நேரம் இருக்காது. பிள்ளையோடு அம்மாவும் கண்டிப்பாக வர வேண்டும், முடிந்தால் அப்பாவும். தையல் பயிற்சிக்குப் பெயர் கொடுக்கும் முன் எங்களுக்கும் அந்தத் தாளைக் கொடுங்கள் என்று போன மாதம் சில உறுப்பினர்கள் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. அதற்கும் ஒரு தாள் தயாரித்துக்கொண்டிருக்கிறோம்.